முந்நூறு சொற்களும் ஒரு சிறு கடிதமும்

தவறு செய்தவன் தண்டனை பெற வேண்டும் என்பதில் உலகில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அத்தண்டனை எதற்காக என்று கேட்கும்போதுதான் விடைகள் பலவாகின்றன. இழந்தவரின் துயரை ஆற்றுவதற்காக என்பர் சிலர். பிறர் அஞ்சி நடப்பதற்காக என்பர் வேறு சிலர். தவறியவன் திருந்துவதற்காக என்பர் இன்னும் சிலர். அமைதியான நாட்களில் இக்கேள்வி அறிஞர்களின் விவாதப் பொருளாக மட்டுமே இருந்துவிடுகிறது. ஏதேனும் ஒரு நிகழ்ச்சி நாட்டின் மனத்தை உலுக்கும்போதுதான் அது ஒவ்வொரு வீட்டின் கூடத்திற்கும் வந்து சேர்கிறது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் புனே நகரில் நிகழ்ந்த ஒரு விபத்து அத்தகையது.

புனேயில் ஓர் இரவு

மே மாதம் 19-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை இரண்டரை மணியளவில் கல்யாணி நகர்ப் பகுதியில் ஒரு மோட்டார் சைக்கிள் சென்றுகொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் 24 வயது நிரம்பிய ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும். இருவரும் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள், கணினிப் பொறியாளர்கள். அதிவேகமாக வந்த ஒரு போர்ஷே கார் அவர்கள்மீது மோதியது. இருவரும் உயிரிழந்தனர்.

காரை ஓட்டியவன் 17 வயதுச் சிறுவன். நண்பர்களுடன் மதுக்கூடங்களில் குடித்துவிட்டு வந்தான் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை அவன் அடைந்திருக்கவில்லை. கோடிக்கணக்கில் விலையுள்ள அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவும் செய்யப்பட்டிருக்கவில்லை. அதற்காகச் செலுத்த வேண்டியிருந்த கட்டணம் 1,758 ரூபாய்.

அன்றே சிறுவன் சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்தப்பட்டான். சில நிபந்தனைகளுடன் வாரியம் அவனுக்கு ஜாமீன் வழங்கியது. சாலை விபத்துகளைப் பற்றி முந்நூறு சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். பதினைந்து நாட்கள் போக்குவரத்துக் காவலர்களுடன் பணியாற்ற வேண்டும். குடிப்பழக்கத்திற்கு மருத்துவ ஆலோசனை பெற வேண்டும் என்பவை அவற்றுள் சில. மற்ற நிபந்தனைகள் மறக்கப்பட்டன. கட்டுரை மட்டும் நாடெங்கும் பேசப்பட்டது. இரண்டு உயிர்களின் விலை முந்நூறு சொற்களா என்று மக்கள் கொதித்தெழுந்தனர். மூன்று நாட்களுக்குப் பின் வாரியம் தன் ஆணையை மாற்றியமைத்துச் சிறுவனைக் கண்காணிப்பு இல்லத்திற்கு அனுப்பியது. ஜூன் 25-ஆம் நாள் மும்பை உயர் நீதிமன்றம் அந்தக் காவல் சட்டத்திற்குப் பொருந்தாதது என்று கூறி அவனை விடுவித்து, உறவினர் ஒருவரின் பொறுப்பில் ஒப்படைத்தது. அந்தக் கட்டுரையையும் அவன் எழுதிச் சமர்ப்பித்ததாகப் பின்னர்ச் செய்திகள் வெளிவந்தன.

மக்களின் சினம் இயல்பானதே. ஆயினும் சினம் தணிந்தபின் ஆராய வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. கட்டுரை போதாதென்றால் எதுதான் போதும்? ஆறு மாதமா, ஐந்து ஆண்டா, பத்து ஆண்டா? எத்தனை ஆண்டுச் சிறைவாசம் ஓர் உயிருக்கு ஈடாகும்?

சட்டத்தின் அளவுகோல்

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்குவது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆம் பிரிவு. நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் முப்பது மில்லி கிராமுக்கு மேல் மது இருப்பது சோதனையில் தெரியவந்தால், விபத்து எதுவும் நிகழாவிட்டாலும் அது குற்றமே. முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது பதினைந்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் முதல் குற்றத்திற்கான அபராதம் இரண்டாயிரம் ரூபாயாகவே இருந்தது. இவற்றுடன் ஓட்டுநர் உரிமத்தை இழக்கவும் நேரலாம்.

உயிரிழப்பு நேரும்போது நிலைமை மாறுகிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்று கருதப்பட்டால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டு வரையிலும், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஐந்து ஆண்டு வரையிலும் சிறை. தன் செயலால் மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்தான் என நிறுவப்பட்டால் பத்து ஆண்டு வரை சிறை. 2006-ஆம் ஆண்டு மும்பை பாந்த்ராவில் கார்ட்டர் சாலையின் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது ஒரு கார் ஏறி எழுவர் இறந்தனர். விசாரணை நீதிமன்றம் ஓட்டியவருக்கு ஆறு மாதச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றம் அதனை மூன்று ஆண்டுகளாக உயர்த்தியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. செயல் ஒன்றே; இறந்தவர்களும் அவர்களே. ஆறு மாதம் என்பது மூன்று ஆண்டாயிற்று. மனிதர் கையிலுள்ள தராசு எவ்வளவு நடுங்கக்கூடியது என்பதற்கு இதுவே சான்று.

அபராதத்திலும் இத்தகைய இடர் உண்டு. பத்தாயிரம் ரூபாய் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்திவிடும். கோடிகளில் புரளும் வீட்டில் அது ஒருவேளை விருந்தின் செலவுகூட ஆகாது. இதனை உணர்ந்த பின்லாந்து நாடு 1921-ஆம் ஆண்டிலேயே வருமானத்திற்கேற்ப அபராதம் விதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒரே தொகையைச் செலுத்தச் செய்வதைவிட, ஒரே அளவு வலியை உணரச் செய்வதே சமநீதி என்பது அதன் கருத்து.

தண்டிக்கும் முறையைப் பற்றி வள்ளுவப் பெருந்தகை ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தில் ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார். குற்றத்தை நடுநிலையோடு ஆராய வேண்டும். அது மீண்டும் நிகழாத வண்ணம் குற்றத்திற்குத் தக்கபடி ஒறுக்க வேண்டும். ஓங்கும்போது கடுமையாகத் தோன்றினாலும் அடி அளவு கடவாது விழ வேண்டும் என்பது அவர் காட்டும் நெறி. அச்சுறுத்தலும் அருளும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

போதையில் இருந்தவன் பொறுப்பாளியா?

குடித்தவன் சில வேளைகளில் ஒரு வாதத்தை முன்வைக்கிறான். ‘நான் என் நினைவில் இல்லை; செய்தது நானல்ல, மது’ என்பதே அது. அறிவு மயங்கிய நிலையில் நிகழ்ந்த செயலுக்கு அறிவுள்ளவனைப் போல எவ்வாறு பொறுப்பேற்க முடியும் என்று எண்ணுவோரும் உளர்.

இக்கேள்விக்குப் பண்டைய கிரேக்கத்தில் பிட்டகஸ் என்ற சட்டமியற்றுநர் வியப்பூட்டும் விடை ஒன்றைத் தந்தார். குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்கு இருமடங்கு தண்டனை என்று அவர் விதித்தார். அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் இத்தகைய இரட்டைத் தண்டனைக்குக் காரணம் கூறுகிறார். அறியாமையில் செய்தான் என்பது உண்மையே. ஆயினும் அந்த அறியாமையைத் தன்மீது வரவழைத்துக்கொண்டவன் அவனே. குடிக்காமலிருக்கும் ஆற்றல் அவனிடம் இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டமும் இதே நெறியைப் பின்பற்றியது. அறியாமலோ விருப்பத்திற்கு மாறாகவோ போதையூட்டப்பட்டவனுக்கு மட்டுமே அது விலக்களித்தது. தானே விரும்பிக் குடித்தவனை, தெளிந்த நிலையில் அவனுக்கு இருந்திருக்கக்கூடிய அறிவு இருந்ததாகவே அது கருதியது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்விதியைத் தொடர்கிறது.

இதில் ஆன்மிக சாதகன் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. குற்றம் நிகழும் நேரம் வேறு. குற்றம் தொடங்கும் நேரம் வேறு. மோதல் அதிகாலையில் நிகழ்ந்தது. அது தொடங்கியதோ முந்தைய மாலையில். சிந்திக்கும் ஆற்றல் முழுமையாக இருந்தபோது, வீடு திரும்புவது எப்படி என்று எண்ணாமல் முதல் கோப்பையைக் கையில் எடுத்த கணத்தில். புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி தேர்ப்பாகன் என்று கடோபநிஷதம் உடலைத் தேராக உருவகிக்கிறது. பாகன் உறங்கிய பின் குதிரைகளைக் குறை கூறுவதில் பயனில்லை. பாகனை உறங்கச் செய்தது யார் என்பதே கேள்வி.

வயதும் பொறுப்பும்

சிறுவன் 17 வயதினன் என்பது மற்றொரு விவாதத்தை எழுப்பியது. பெரியவரைப் போல் குடிக்கவும் காரோட்டவும் துணிந்தவனைப் பெரியவரைப் போல் தண்டிக்கக் கூடாதா என்று பலரும் கேட்டனர். காவல்துறையும் அவ்வாறே கோரியது. 2025 ஜூலையில் சிறார் நீதி வாரியம் அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது.

சிறார்களைத் தனியாக நோக்கும் இந்நெறி மேலைநாட்டிலிருந்து வந்தது என்று எண்ணுவது பொருந்தாது. மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் மாண்டவ்ய முனிவரின் வரலாறு வருகிறது. செய்யாத திருட்டுக்காக அவர் கழுவேற்றப்படுகிறார். எனக்கு ஏன் இந்தத் துன்பம் என்று தர்மதேவனிடம் சென்று கேட்கிறார். சிறு வயதில் நீ பூச்சிகளைப் புல்லால் குத்தித் துன்புறுத்தினாய், அதன் பலன் இது என்கிறான் தர்மதேவன். அறியாப் பருவத்துச் சிறு பிழைக்கு இத்தகைய பெருந்தண்டனையா என்று முனிவர் சினந்து, தண்டித்த தர்மதேவனையே மானிடனாகப் பிறக்குமாறு சபிக்கிறார். அந்தத் தர்மதேவனே விதுரனாகப் பிறந்தான் என்பது கதை. பதினான்கு வயது வரை செய்யும் செயல் பாவமாகாது என்ற வரம்பையும் அம்முனிவரே அன்று வகுத்தார்.

தண்டிக்கும் அதிகாரம் படைத்தவனும் அளவு தவறினால் தண்டனைக்கு உரியவனாவான் என்பதை இதைவிட வலிமையாகக் கூறிய கதை அரிது. ஊர் கூடி முழங்கும்போதும் சட்டத்தின் எல்லைக்குள் நின்று தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் கடமை. இழந்த பெற்றோரின் கண்ணீர் அதனால் சிறிதும் குறைந்து மதிக்கப்படுவதில்லை. மாண்டவ்யர் விதித்த எல்லை பதினான்கு என்பதையும் இங்கு மறக்கலாகாது. பதினேழு வயது என்பது அறியாமைக்கும் அறிவுக்கும் இடைப்பட்ட வாயிற்படி. அவ்வாயிலில் நிற்பவனின் கையைப் பிடித்து எந்தப் பக்கம் அழைத்துச் செல்வது என்பது அவனைச் சூழ்ந்துள்ள பெரியவர்களின் பொறுப்பு.

தந்தையின் அன்பு

புனே நிகழ்ச்சியில் மக்களைப் பெரிதும் வேதனைப்படுத்தியவை விபத்துக்குப் பின் நடந்ததாகக் கூறப்பட்ட செயல்களே. சாஸூன் மருத்துவமனையில் எடுக்கப்பட்ட சிறுவனின் இரத்த மாதிரி எறியப்பட்டு, அதற்குப் பதிலாக அவன் தாயின் இரத்தம் வைக்கப்பட்டது; காரை ஓட்டியது தானே என்று ஒப்புக்கொள்ளும்படி குடும்பத்தின் ஓட்டுநர் வற்புறுத்தப்பட்டார் — இவை காவல்துறையின் குற்றச்சாட்டுகள். தந்தை, தாய், பாட்டனார், மருத்துவர்கள் எனப் பலர் அப்போது கைது செய்யப்பட்டனர். இவற்றின் உண்மையை நிறுவுவது நீதிமன்றத்தின் பணி. ஆயினும் இக்குற்றச்சாட்டுகள் எழுப்பும் அறக்கேள்வி எந்தத் தீர்ப்பையும் சார்ந்ததன்று. பிள்ளையின் தவறு அவனைத் தொடாதபடி மறைப்பது அன்பாகுமா?

தமிழ்நாட்டு மக்களுக்கு இவ்விடத்தில் திருவாரூர் நினைவுக்கு வராமல் இராது. அங்கும் விரைந்து சென்றது ஓர் ஊர்தியே. அதைச் செலுத்தியவனும் செல்வந்தரின் மகனே. பெரியபுராணத்தில் சேக்கிழார் அவ்வரலாற்றைப் பாடியிருக்கிறார். அரசகுமாரன் தேரேறி வீதியில் செல்கையில் துள்ளி வந்த கன்று ஒன்று எவரும் காணாத வண்ணம் சக்கரத்தில் சிக்கி இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அசைத்தது. செய்தியறிந்த மனுநீதிச் சோழன் துடித்தான். சாத்திரம் கூறும் கழுவாயைச் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் எடுத்துரைத்தனர். அரசன் அதனை ஏற்கவில்லை. தன் மகன் செய்த கொலைக்குக் கழுவாய், பிறன் செய்யும் கொலைக்கு உயிர்த்தண்டனை என்று இரண்டு நீதி வகுத்தால் உலகம் என்ன சொல்லும் என்பது அவன் வினா. மகனைத் தேர்க்காலில் இடும்படி பணிக்கப்பட்ட அமைச்சர் அதைச் செய்ய மாட்டாமல் தம் உயிரை விட்டார். பின் அரசனே தேரைச் செலுத்தினான். இறைவன் வீதியில் எழுந்தருளி அனைவரையும் உயிர்ப்பித்தான் என்று வரலாறு நிறைவுறுகிறது. திருவாரூரில் இக்காட்சியைக் கல்லில் வடித்த தேரை இன்றும் காணலாம்.

இவ்வரலாற்றைக் கடுந்தண்டனைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது பிழையாகும். இன்றைய எந்த நீதிமன்றமும் அவ்வாறு தீர்ப்பளிக்கலாகாது, அளிக்கவும் மாட்டாது. இங்குக் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஒரே அளவுகோல். கன்றை இழந்த பசுவின் துயரமும் மகனை இழக்கும் தந்தையின் துயரமும் அரசனின் தராசில் சமமாயின. இரண்டாவது, அரசன் அத்துயரத்தைப் பிறர் தலையில் சுமத்தவில்லை. மகனுக்குரிய தண்டனையின் வலியைத் தானும் ஏற்றான். தன் பிள்ளையின் தவற்றை ஓர் ஊழியனின் தலையில் ஏற்றிவிட எண்ணும் மனம் அங்கிருந்து எத்தனை தொலைவில் இருக்கிறது!

மோட்டார் வாகனச் சட்டத்திலும் இதன் எதிரொலியைக் கேட்கலாம். 2019-இல் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி, சிறுவன் வாகனம் ஓட்டிக் குற்றம் செய்தால் அவனுடைய பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முயன்றோம் என்றோ நிறுவினால்தான் விலக்கு உண்டு. மூன்று ஆண்டு வரை சிறையும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதமும் அதற்கான தண்டனை. வாகனத்தின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அச்சிறுவன் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. சாவியைக் கொடுத்த கையும் தேரைச் செலுத்திய கையே என்கிறது சட்டம்.

ஒரு சிறு கடிதம்

புனே விபத்தின் வழக்கு முதலில் பதிவானது ஏரவாடா காவல் நிலையத்தில். ஏரவாடா என்றதும் அங்குள்ள சிறைச்சாலையும் அதில் 1922 முதல் 1924 வரை அடைபட்டிருந்த காந்தியடிகளும் நினைவுக்கு வருகின்றனர். 1924 ஜனவரியில் அவருக்குக் குடல்வால் அழற்சி கண்டபோது அழைத்துச் செல்லப்பட்டதும் இதே சாஸூன் மருத்துவமனைக்குத்தான். ஆங்கிலேய அறுவை மருத்துவர் இரவில் சிகிச்சை செய்துகொண்டிருந்தபோது மின்விளக்கு அணைந்தது. அரிக்கேன் விளக்கின் ஒளியில் சிகிச்சை நிறைவேறியது. ஆட்சியை எதிர்த்த கைதியின் உயிரை அந்த ஆட்சியின் மருத்துவர் நேர்மையோடு காத்தார். மருத்துவமனையின் அறமும் அதன் மருத்துவர் நெஞ்சில் எரியும் விளக்கைப் பொறுத்ததே.

அந்தக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் தமது பதினைந்தாம் வயதின் நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். அண்ணன் பட்ட கடனைத் தீர்ப்பதற்காக, அவருடைய தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டைத் திருடி விற்க அவர் துணைபோனார். கடன் தீர்ந்தது, நெஞ்சின் கனம் தீரவில்லை. தந்தையிடம் நேரில் சொல்லத் துணிவு வரவில்லை. ஒரு தாளில் குற்றத்தை எழுதினார். அதற்குத் தக்க தண்டனையைத் தமக்குத் தரும்படி வேண்டினார். தந்தை தம்மைத்தாமே வருத்திக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இனித் திருடுவதில்லை என்று உறுதியளித்தார். நோயுற்றுப் படுத்திருந்த தந்தையின் கையில் அத்தாளைக் கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்தார். தந்தை எழுந்து அமர்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்களை மூடியிருந்தார். பின் தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். அடியில்லை, சுடுசொல் இல்லை. ஆயினும் அந்தக் கண்ணீரின் பாடம் வாழ்நாள் முழுதும் நிலைத்தது.

ஒரு சிறுவன் தன் தவற்றைப் பற்றி எழுதியது அங்கும் உண்டு, இங்கும் உண்டு. முன்னதை எவரும் கட்டளையிடவில்லை; எத்தனை சொற்கள் என்று எவரும் வரையறுக்கவில்லை. அதில் எழுதியவனின் குற்றம் இருந்தது. தண்டனைக்கான வேண்டுதல் இருந்தது. எதிர்காலத்திற்கான உறுதி இருந்தது. புனேயில் விதிக்கப்பட்டதோ சாலை விபத்துகளைப் பற்றிய பொதுவான கட்டுரை. ‘நான் இதைச் செய்தேன்’ என்ற ஒரு சொற்றொடரை எழுதாமலே முந்நூறு சொற்களை நிரப்பிவிட இயலும். அந்த நிபந்தனையின் குறை அதன் மென்மையில் இருந்ததாகப் பலரும் கருதினர். செய்தவனையும் செயலையும் அது நேருக்கு நேர் நிறுத்தவில்லை என்பதே அதன் உண்மையான குறை.

காந்தியடிகளின் தந்தை தாளைக் கிழித்ததற்கும், சான்றைக் குப்பையில் எறிவதற்கும் உள்ள வேறுபாடும் இங்கே விளங்குகிறது. முன்னவர் மகன் முழுமையாக ஒப்புக்கொண்ட பின் மன்னித்துக் கிழித்தார். மற்றது, ஒப்புக்கொள்ளும் வாய்ப்பையே மகனிடமிருந்து பறித்துக்கொள்ளும் செயல்.

கழுவாயின் வழி

கழுவாய் என்று நம் தர்ம சாஸ்திரங்கள் கூறும் பிராயச்சித்தம் வெறும் சடங்கன்று. தவற்றைப் பிறரறியச் சொல்லுதல், உளமார வருந்துதல், தவம், தானம் ஆகியவற்றால் மனிதன் பாவத்திலிருந்து விடுபடுகிறான் என்று அவை கூறுகின்றன. ஒப்புக்கொள்வதும் வருந்துவதும் முதலில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. முதற்படியில் கால் வைக்காதவனுக்கு மற்றப் படிகள் பயன் தருவதில்லை. தான் இடறிய இடத்தைக் காண மறுத்தவன் பத்து ஆண்டுச் சிறைக்குப் பின்னும் தான் அகப்பட்டதற்காக மட்டுமே வருந்துவான்.

நீதிமன்றங்களும் இத்திசையில் சில முயற்சிகளைச் செய்துள்ளன. 1999-ஆம் ஆண்டு டெல்லியில் ஒரு கார் மோதி மூன்று காவலர் உட்பட அறுவர் இறந்த வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றம் ஓட்டியவருக்கு ஏற்கெனவே அனுபவித்திருந்த இரண்டாண்டுச் சிறையுடன், இரண்டாண்டுச் சமூக சேவையும் ஐம்பது லட்சம் ரூபாயும் விதித்தது. இத்தகைய விபத்துகளில் பாதிக்கப்படுவோருக்கு உதவவே அத்தொகை. இதை மிகக் குறைவு என்று குறைகூறியோர் பலர். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம், குடித்துக் காரோட்டி விபத்து நேரக் காரணமானவர் என்று கைதான ஓர் இளைஞருக்கு ஜாமீன் வழங்கியபோது, சாலைச் சந்திப்பில் நின்று மதுவருந்தி ஓட்டுவதற்கு எதிரான துண்டுப் பிரசுரங்களை வழங்குமாறு பணித்தது. பாரதிய நியாய சன்ஹிதா சமூக சேவையைத் தண்டனை வகைகளுள் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகாதவாறு நடத்தல் போன்ற சில சிறு குற்றங்களுக்கு அதனை விதிக்கலாம்.

சேவை சிறைக்கு மாற்றாக முடியுமா என்பது குற்றத்தின் அளவைப் பொறுத்தது. உயிரைப் பறித்த செயலுக்குச் சட்டம் விதிக்கும் சிறையைத் தவிர்க்கும் குறுக்கு வழியாகச் சேவை ஆகிவிடலாகாது. ஆயினும் சிறை செய்ய இயலாத ஒன்றை அதனால் செய்ய இயலும். எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவில் ஒரு மாதம் கட்டில்களைத் துடைத்து, நோயாளியைத் தூக்கி அமர்த்தி, வெளியே காத்திருக்கும் தாயின் முகத்தைப் பார்த்தவன், வேகம் என்ற சொல்லின் பொருளைப் புதிதாகக் கற்றுக்கொள்வான். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். எண்ணாகக் காணும்போது அது மனத்தைத் தொடுவதில்லை. ஒரு கட்டிலின் அருகில் நிற்கும்போதே தொடுகிறது.

தனக்குத்தானே நீதிபதி

ஆக, தண்டனை எதற்காக என்ற கேள்விக்கு விடை ஓரளவு தெளிவாகிறது. எந்தத் தண்டனையும் உயிருக்கு ஈடாகாது; ஈடு செய்வது அதன் பணியும் அன்று. செய்த செயலைச் செய்தவனின் கண்முன் வைப்பதே அதன் பணி. அதைச் செய்யத் தவறும் தண்டனை கடுமையாக இருந்தாலும் பழிவாங்கலாக முடியும். மென்மையாக இருந்தாலும் கேலிக்கூத்தாக முடியும். பிள்ளையின் பார்வையிலிருந்து அவன் செயலை மறைக்கும் பெற்றோர், அவனைத் தண்டனையிலிருந்து காப்பாற்றுவதாக எண்ணுகின்றனர். அவன் மனிதனாவதற்கான வாயிலையே அவர்கள் அடைத்துவிடுகின்றனர். அவனுடைய தீவினை அவனைத் தேடி வரும் நாளில் அதைத் தாங்கும் வலிமையும் அவனிடம் இராது.

நீதிமன்றத்தின் வேலை விபத்துக்குப் பின் தொடங்குகிறது. மனசாட்சியின் வேலை அதற்கு முன்பே தொடங்குகிறது. விருந்துக்கு அழைத்தவர் விடைபெறும் விருந்தினரின் கையிலிருந்து சாவியை வாங்கி வைக்கலாம். நண்பன் கோபித்துக்கொண்டாலும் காரில் ஏற மறுக்கலாம். தந்தை, பதினெட்டு வயது நிரம்பாத மகனுக்கு, அவன் எவ்வளவு கெஞ்சினாலும் வாகனத்தைத் தர மறுக்கலாம். இவை மிகச் சிறிய மறுப்புகள். இவற்றுக்குச் சாட்சி இல்லை. இவற்றைப் பாராட்ட எவரும் இல்லை. ஆயினும் கல்யாணி நகரின் அந்த இரவில் இத்தகைய மறுப்பு ஒன்றே ஒன்று நிகழ்ந்திருந்தால், இரண்டு வீடுகளில் விளக்கு இன்றும் எரிந்துகொண்டிருக்கும்.

மனுநீதிச் சோழனின் வாயிலில் மணி தொங்கியது போல ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு மணி தொங்குகிறது. வேறெவர் காதிலும் அது விழுவதில்லை. அதன் ஒலிக்குச் செவிசாய்த்து, தவறிழைத்தபோது ‘நான் செய்தேன்’ என்று சொல்லத் துணிபவனே தண்டனையால் தூய்மையடைகிறான். தவறிழைக்கும் முன்பே அவ்வொலியைக் கேட்டு நிற்பவனுக்கு நீதிமன்றத்தின் படியேற வேண்டிய தேவையே இல்லை.